குளிருக்கு எந்த வனிலா?

கேள்வி: டிசம்பரில் எனக்கு நுவரெலியாவுக்கு இடமாற்றம், அலுவலக வேலை. டொம் ஃபோர்டின் ‘டொபாக்கோ வனில்’, விக்டர் அண்ட் ரோல்ஃபின் ‘ஸ்பைஸ்பொம் எக்ஸ்ட்ரீம்’ என்ற இரண்டு வாசனைத் திரவியங்களையும் கடையில் தாள் துண்டில் முகர்ந்து பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. எதை வாங்குவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, ஸ்பைஸ்பொம் எக்ஸ்ட்ரீமையே வாங்குங்கள்.

இரண்டிலும் புகையிலையும் வனிலாவும் இருக்கின்றன. தாளில் ஒன்றுபோலப் பட்டது அதனால்தான். தோலில் பட்டால் வேறுபாடு தெரியும். டொபாக்கோ வனிலில் கொக்கோவும் உலர்பழமும் சேர்ந்து, எண்ணெய்த்தாளில் சுற்றிவைத்த கிறிஸ்மஸ் கேக்கைப் பிரித்ததுபோல் கனமாக வரும். மற்றதில் முதலில் மிளகு சுள்ளென்று ஏறும். அது தணிந்த பிறகே இனிப்பு.

வாசனை ஆவியாகித்தான் மூக்குக்கு வரும். வெள்ளவத்தை வெக்கையில் வனிலா ஒரேயடியாகக் கிளம்பித் திகட்டிவிடும். 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் நிற்கும் நுவரெலியாவில் அது அவசரமில்லாமல் அவிழும். மாலையில் கிரகரி வாவியோரம் நடப்பதற்கென்றால் டொபாக்கோ வனிலைத்தான் சொல்லியிருப்பேன், அவ்வளவு அழகு. ஆனால் நீங்கள் பகல் முழுவதும் இருக்கப்போவது குளிருக்கு யன்னல் சாத்திய அறையில். பக்கத்து மேசைக்காரரும் அதே காற்றைத்தான் மூச்சில் இழுக்க வேண்டும். விடுமுறைக்கு நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்புக் கோட்டை வெக்கையில் இறங்கும்போதும் மிளகுள்ளதுதான் தாங்கும். விலையும் குறைவு.

என் பேச்சை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். ஒரு கையில் இது, மறு கையில் அது என்று ஒவ்வொரு தடவை அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். காலிமுகத்திடலில் நடங்கள், பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். நான்கு மணித்தியாலம் கழித்து எந்தக் கையை மறுபடியும் முகரத் தோன்றுகிறதோ அதுவே உங்களுடையது. அது டொபாக்கோ வனிலாக இருந்தால் தயங்காமல் வாங்கி, மாலை வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் வெள்ளைச் சட்டையில் அடிக்க வேண்டாம். வனிலாவில் உள்ள ‘வனிலின்’ என்ற மணப்பொருள் நாளடைவில் பழுப்பாகும். என் தம்பியின் சட்டைக் கழுத்துப்பட்டியில் தேநீர் சிந்தியதுபோல் விழுந்த கறை எத்தனை தடவை தோய்த்தும் போகவில்லை. சட்டைக்கு உள்ளே, நெஞ்சில் ஒரு தடவை; கறுப்புக் கம்பளிச் சால்வை இருந்தால் அதில் இன்னொன்று. கம்பளியில் மறுநாள் காலையிலும் மணக்கும்.