படுக்கையில் அம்மா, அடுப்பங்கரையில் அப்பா: தாதியிடம் மலையகத்தின் கேள்விகள்

இலங்கையின் மலையக வைத்தியசாலைகளில் வார்டிலும் கிளினிக்கிலும் பணியாற்றும் தாதிய உத்தியோகத்தர் நான். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நோயாளியைப் பரிசோதித்த வைத்தியரே அதைச் சொல்ல வேண்டும். மாத்திரை விழுங்க ஒரு நிமிடம் போதும். நாளின் மீதி நேரத்தில் நோயாளி எப்படிப் படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்பதுதான் என் துறை.

கேள்வி (மஸ்கெலியா): மிஸ், அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வார்டில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடலாமா?

பதில்: தேய்க்கவே கூடாது. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. தேய்த்தால் உள்ளே தசை இன்னும் சேதப்படும். விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பினால் இரத்தம் இன்னும் ஓடுகிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஊதா நிறம் தென்படுகிறதா என்றும் கவனியுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, பின்மண்டை ஆகியவற்றையும் தினமும் பார்க்க வேண்டும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிலையை மாற்றுங்கள். முழுவதும் பக்கவாட்டில் திருப்பினால் பாரம் இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றுச் சாய்த்தாற்போல வையுங்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படக்கூடாது. மேலே நகர்த்தும்போது அக்குளில் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் ஒரு போர்வையை மடித்து விரித்து, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை யாராவது வாங்கிக் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அது ஓரத்தில் இரத்த ஓட்டத்தை அடைத்துக் கெடுதல்தான் செய்யும்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு முறை திருப்பலாம், பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு முறை திருப்பலாம். நடுவில் யார் திருப்புவது என்று கேட்பீர்கள். அடுத்த காம்பராவில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். எப்படித் திருப்புவது என்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டால் போதும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இந்த உதவியை மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை. சிறுநீரில் நனைந்தால் உடனே துடைத்து, ஒற்றி உலர வைக்க வேண்டும். முட்டை, பருப்பு, நெத்தலி இல்லாமல் புண் ஆறாது. தோல் உரிந்தாலோ நாற்றம் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். படுத்தபடி இருப்பவரின் வாயில் தேத்தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கும் தசைகளும் பலவீனமாகலாம்; தேத்தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, நல்ல பக்கக் கன்னத்தில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணித்தியாலம் உட்கார்ந்தே இருக்கட்டும். விழுங்கும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

திருப்புமுன் "அம்மா, இப்போது இந்தப் பக்கம் திருப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பேச முடியாதவருக்கும் காது கேட்கிறது.

கேள்வி (தலவாக்கலை): அப்பாவுக்கு நெஞ்சுச்சளி. குளிர் படக்கூடாது என்று ஜன்னலை எப்போதும் மூடியே வைத்திருக்கிறோம். சரியா?

பதில்: குளிர் படாமல் பார்ப்பது சரி, காற்றை அடைப்பது தவறு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் தாதிமை பற்றி எழுதியபோது முதல் விதியாக வைத்ததே இதைத்தான்: நோயாளியைக் குளிரவிடாமல், அவர் சுவாசிக்கும் காற்றை வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். கம்பளி போர்த்தி, தலைக்குத் தொப்பி போட்டு, வெயில் வரும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். விறகடுப்பின் புகை அவர் படுக்கும் காம்பராவுக்கு வருகிறதென்றால் முதலில் கட்டிலை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை அவசியம். வைத்தியர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவ): அப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். இராத்திரியில் கால் சில்லென்று இருக்கிறது என்று அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு உட்காருகிறார்.

பதில்: இன்றே நிறுத்துங்கள். நீண்ட காலச் சீனி வருத்தம் பாதத்தின் உணர்வைக் குறைத்துவிடும். நமக்குச் சுடும் சூடு அவருக்குச் சுடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்த குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. சுடுநீர்ப் போத்தலும் வேண்டாம். இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும்.

இரவில் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் அவரால் சரியாகப் பார்க்க முடியாது. இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் சோதித்த பிறகே அவர் கால் வைக்க வேண்டும். விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள். வெடிப்புக்கு எண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் பூச வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவக்கூடாது. மலையில் வேலை செய்பவரானால் பூட்ஸைப் போடுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். அட்டை கடித்த இடத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஆறும்வரை கவனியுங்கள்.

கேள்வி (பதுளை, தாதியர் பயிற்சி மாணவி): அக்கா, நோய்த் தடுப்புக்கும் சுகாதார மேம்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சைக்கு மனனம் செய்கிறேன், புரியவில்லை.

பதில்: தங்கச்சி, தடுப்பு ஒரு குறிப்பிட்ட நோயை நோக்கியது. தடுப்பூசி முதல் நிலை. 35 வயதுப் பெண்களைக் கிளினிக்குக்கு அழைத்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பரிசோதிப்பது இரண்டாம் நிலை. பாரிசவாதம் வந்தவரை மறுபடி நடக்கப் பழக்குவது மூன்றாம் நிலை. சுகாதார மேம்பாடு இதைவிட அகலமானது. 1986ஆம் ஆண்டு ஒட்டாவா சாசனம் அதை, மக்கள் தம் ஆரோக்கியத்தின் மீது தாமே கட்டுப்பாட்டைப் பெறவும் அதை மேம்படுத்திக்கொள்ளவும் வழி செய்வது என்று விளக்கியது. ஆரோக்கியத்துக்கு உகந்த பொதுக்கொள்கை, ஆதரவான சூழல், சமூகத்தின் செயற்பாடு, தனிமனிதத் திறன்கள், மருத்துவ சேவையைத் திருத்தி அமைத்தல் என்று ஐந்து வழிகளையும் சொன்னது.

இதை லயத்தில் வைத்துப் பார்த்தால் மறக்கவே மாட்டாய். கை கழுவுங்கள் என்று சுவரில் படம் ஒட்டுகிறோம். பைப்பில் நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர் வருகிறது. அந்தப் படத்தால் யாருக்கு என்ன பயன்? தோட்ட நிர்வாகத்துடனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் பேசித் தண்ணீரைக் கொண்டுவருவதும், மலசலகூடத்துக்குப் பக்கத்தில் கை கழுவும் இடம் அமைப்பதும், அதைப் பராமரிக்க லயத்துப் பெண்களே ஒரு குழுவாகச் சேர்வதும்தான் மேம்பாடு. மக்களுக்கு அறிவில்லை என்று திட்டிவிட்டு வருவதைச் சுகாதாரக் கல்வி என்று நினைத்துவிடாதே.

கேள்வி (லிந்துலை): கர்ப்பமாக இருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு குடிக்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: கறுப்பு நிறம் மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். தேயிலைதான் பிரச்சினை: அதிலுள்ள டனின் இரும்பை உடம்பு உறிஞ்சவிடாது. மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்ச் சாறோடு விழுங்குங்கள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணீர் வேண்டாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள்.

கேள்வி (ராகலை): மலையில் குளவி கலைந்து கொட்டினால் முதலில் என்ன செய்வது?

பதில்: ஓடி விலகுங்கள், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடுங்கள். கொடுக்குத் தோலில் நின்றால் நகத்தாலோ கெட்டியான காகித அட்டையாலோ சீவி உடனே எடுங்கள். கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை மயங்குபவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டுபவர் உட்கார்ந்திருக்கட்டும். ஒருவரை நிறையக் கொட்டியிருந்தால் அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் வைத்தியசாலைக்கு வர வேண்டும். விஷம் சிறுநீரகத்தைப் பின்னால் தாக்கலாம். அடுத்த நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ கடும் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அது அவசரம்.

கேள்வி (ஹப்புத்தளை): வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டுகிறது.

பதில்: சுவெட்டர் கையின் மேல் பட்டியைச் சுற்றுகிறீர்களா? வெறும் கையில் சுற்றுங்கள். தேத்தண்ணீர் குடித்து, அல்லது ஏற்றம் ஏறி வந்து அரை மணித்தியாலமாவது போக வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி (நானுஓயா): பாட்டி கிளினிக்கில் சிங்களத்தில் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறார். வீட்டில் எந்த மாத்திரை எப்போது என்று தெரியவில்லை.

பதில்: பாட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். புரிந்ததா என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். புரிய வைப்பது எங்கள் பொறுப்பு. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி; தமிழில் விளக்கம் கேட்பது அவருடைய உரிமை. தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ தயங்காமல் கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், தோட்ட டிஸ்பென்சரியில் வாங்கியதையும் சேர்த்து, கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் கொண்டுபோங்கள். உறையின் மேல் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரையச் சொல்லுங்கள். கடைசியில் பாட்டியே திருப்பிச் சொல்லட்டும்: "இதைக் காலையில் சாப்பாட்டுக்கு முன், இதை இரவில்." பிழையாகச் சொன்னால் அங்கேயே திருத்தலாம்.

கேள்வி (பசறை): பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள்) பக்கெட்டில் பாதியை ஒரு கோப்பையில் கலக்கலாமா?

பதில்: கலக்க வேண்டாம். முழுப் பக்கெட்டையும் அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரையுங்கள். நீர் குறைந்தால் உப்பு கூடி ஆபத்தாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கண் குழி விழுந்தாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.