பதில்: பெற்றோர் அலுவலகம் தெரியாமல் வகுப்பறை வரை போய்விடுகிறார்கள்

வணக்கம் டீச்சர். கேட்டில் "அனுமதியின்றி உள்ளே வராதீர்" என்று மட்டும் இருந்தால், வருபவர் தயங்குவார், இல்லாவிட்டால் நேராக வகுப்புக்குப் போவார். அதை எடுத்துவிட்டு "வணக்கம். அலுவலகம் இடப்பக்கம், முதல் அறை" என்று எழுதுங்கள். 10 அடியிலிருந்து படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும். கேட்டுக்கு 30 அடி முன்பிருந்தே படிக்க வேண்டும் என்றால் மூன்று அங்குலம். ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிடும், தகரத்தில் பெயிண்டால் எழுதுவதே நல்லது. பாதை திரும்பும் இடத்தில் இன்னொரு அம்புக்குறி அவசியம். பலரும் வழி தவறுவது அங்கேதான்.

அலுவலக வாசலில் இரண்டு படி இருப்பதாகச் சொன்னீர்கள். மொத்தம் ஓரடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றுவதே சிரமம், இறங்கும்போது ஆபத்து. நடுவில் சமதளம் விட்டு வளைத்துக் கட்டுங்கள். அகலம் நாலடி, இருபுறமும் கைப்பிடி. வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மழையில் வழுக்கும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே குறுக்குக் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள்.

நிழலில் ஒரு பெஞ்சு, குடிதண்ணீர். வருகைப் பதிவேட்டை அங்கேயே, உட்கார்ந்து எழுதும்படி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் காவலர் தானே கேட்டு எழுதட்டும்.