கம்பிச் சில்லுக்குப் பவுடர் கோட்டிங் சரிவருமா?

கேள்வி: அப்பா ஓடிய பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிளைத் திருத்திவிட்டேன். சில்லுகள்தான் ஒரே கறள். கம்பிகளைக் கழற்றாமல் அப்படியே பவுடர் கோட்டிங் அடிக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா ஐயா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தம்பி. பவுடர் கோட்டிங் கேட்டுக்கும் கதிரைக்கும் அருமையாக நிற்கும். கம்பிச் சில்லில் அந்தத் தடித்த பூச்சு நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) உட்காரும் குழிக்குள்ளும் ஏறிவிடும். ஓட ஓட அது நசுங்கி, கம்பி தளரும். அதோடு, பவுடரை உருக்க 180, 200 பாகை வரை சூடேற்றுவார்கள். பெயாரிங்கும் கிரீஸும் உள்ளே இருக்க அதைச் செய்யவே கூடாது. கம்பிகளைக் கழற்றிப் பெயின்ற் அடிப்பதுதான் சரி.

நிறத்தை யோசிக்க முன்னம் ரயர், ரியூப், ரிம் பட்டி எல்லாவற்றையும் கழற்றி ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். கம்பித் துளைகளால் இறங்கும் மழைத்தண்ணீர் பட்டிக்கு அடியில்தான் தங்கும். உங்கள் பக்கத்துக் கடற்காற்று வேறு. வெளியே நாலு புள்ளிதான் தெரியும், உள்ளே செதில் செதிலாக உரியும். துளைகளைச் சுற்றிக் கூரான கம்பியால் அழுத்திப் பாருங்கள். இரும்பு உள்வாங்கினாலோ, துளையிலிருந்து வெடிப்பு ஓடினாலோ அந்த ரிம்மை விட்டுவிடுங்கள். ரிம் அளவையும் துளை எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே அளவு ரிம் தேடலாம்.

ரிம் நல்லதென்றால், வெயில் படாத இடமாகப் பார்த்து 400ஆம் நம்பர் தண்ணீர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உரைதாள்) ஒரு விரலகலம் மெதுவாகத் தேயுங்கள். யாரோ அடித்த கறுப்பு போகும், அதற்கடியில் சில்வர், அதற்கும் அடியில் பழைய நிறம் வரக்கூடும். 1948இல் வந்த முதல் பாண்டம் வெளிர்பச்சை. குரோம் தெரிந்தால் அதன் மேல் நேரே அடிக்காதீர்கள், உரிந்துவிடும். குரோமை எடுத்துவிட்டுத்தான் பிரைமர்.

கம்பி கழற்ற முதல் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ரிம் விளிம்பு ஹப்பிலிருந்து (சில்லின் நடுப்பகுதி) எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். இந்த அளவு தவறினால் முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் ஓடாது. மணல் அடித்துச் சுத்தமாக்கிய இரும்பை இரவு வெறுமனே வைக்காதீர்கள், அன்றைக்கே எபொக்சி பிரைமர் போட வேண்டும். உட்புறத்துக்கும் சேர்த்துத்தான். அப்புறம் டூ-கே பெயின்ற் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது), மெல்லியதாக இரண்டு கை. நிப்பிள் குழியிலும் பிரேக் ட்ரம்மின் உள்ளேயும் பெயின்ற் படக்கூடாது. அடிப்பவர் சரியான முகமூடி போட வேண்டும், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். மழை நாளில் வேண்டாம், ஈரத்தில் பளபளப்பு மங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் நல்ல காலம்.

கம்பி கோர்த்து நேராக்குவதை அனுபவமுள்ள பாஸ் (மெக்கானிக்) ஒருவரிடம் விடுங்கள். நிப்பிளுக்கு மேல் நீட்டும் கம்பி நுனியை அராவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரியூப் குத்துப்படும். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் தருவதை மட்டும் இறுக்குங்கள்.