எந்த முகம் என் முகம்? சகோதரிக்கு ஒரு பதில்

சகோதரி, கோவில் பாடகர் குழுவில் ஒருத்தி, ஆபீசில் வேறொருத்தி, வீட்டில் எரிந்து விழும் மூன்றாவது ஒருத்தி, இதில் யார் நிஜமான நான் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெபித்தும் பதில் வரவில்லை என்கிறீர்கள்.

எனக்கு உதவியது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் வழி. 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் இருந்த தன் குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரசாகசக் கனவு கண்டால் அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழ்வதை நினைத்தால் மகிழ்ச்சி அப்படியே தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

நீங்களும் இரவில் கால் மணி நேரம் உட்காருங்கள். முதலில் நன்றி. அப்புறம் தூய ஆவியிடம் வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நடந்ததை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்கே மனம் நிறைந்தது, எங்கே நடித்தது? பாவக் கணக்கு எழுதும் வேலை அல்ல இது (முதல் மாதம் நான் அதைத்தான் செய்தேன், தூக்கம் போனதுதான் மிச்சம்). ஒரு மன்னிப்பு, நாளைக்கு ஒரு சின்ன முடிவு, போதும்.

அந்த மூன்றாவது பெண்ணையும் மறைக்காமல் கடவுள் முன் கூட்டிப்போங்கள். பாடகர் குழுப் பெண்ணைவிட அவளுக்குத்தான் நிஜமாக ஜெபிக்கத் தெரியுமோ என்னவோ. சோர்வு வாரக்கணக்கில் விடாவிட்டால் ஆன்ம வழிகாட்டியோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள்.