தூரிகையிலிருந்து கேமராவுக்கு: கேள்வி பதில்

ஜூரோங்கிலிருந்து: ஐயா, கேமராவைக் கண்டுபிடித்தது யார்?

பெட்டி முதலில் வந்தது, படம் பிறகுதான். இருட்டறையின் சுவரில் சிறு துளை இட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த இருட்டறை சுருங்கி, லென்ஸ் பொருத்திய பெட்டியானது. அதில் விழும் காட்சியின் மேல் ஓவியர்கள் கோடு இழுத்துப் படியெடுத்தார்கள். கையின் உதவியில்லாமல் அந்தக் காட்சியை நிலைநிறுத்த வழி தேடியபோதுதான் வேதியியல் உள்ளே வந்தது. பிரான்சில் நியெப்ஸ் 1826-27 வாக்கில் உலோகத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, சன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளைப் பதித்தார். அவருடைய கூட்டாளி டகேர் நாடக அரங்குகளுக்குத் திரை வரைந்த ஓவியர். இங்கிலாந்தின் டால்பட், 1833இல் கோமோ ஏரிக்கரையில் வரைய உட்கார்ந்து, கை வராமல் போனதால் இந்தத் தேடலில் இறங்கியவர். வெள்ளி பூசிய தகட்டில் படம் பதிக்கும் டகேரின் முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் வெளியிடப்பட்டபோது அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் ஒரே அவையில் கூடியிருந்தன.

பிடோக்கிலிருந்து: புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்?

இன்று வரலாறு மட்டும். கையில் இருக்கும் கைப்பேசியே போதும் தம்பி.

செங்காங்கிலிருந்து: சிங்கப்பூருக்குப் புகைப்படம் எப்போது வந்தது?

வெகு சீக்கிரம். டுட்ரோன்குவா என்ற ஹோட்டல்காரர் 1843இலேயே தகட்டில் உருவப்படம் எடுத்துத் தருவதாக இங்கே விளம்பரம் செய்தார். மறு ஆண்டு வந்த பிரெஞ்சு அதிகாரி இட்டியே எடுத்த சிங்கப்பூர்க் காட்சிகள் இன்றும் இருக்கின்றன.

உட்லண்ட்ஸிலிருந்து: தாத்தாவின் பழைய ஸ்டூடியோ படத்தில் அழுக்கு. ஈரத்துணியால் துடைக்கலாமா?

வேண்டாம்! ஈரத்துணி, காய்ந்த துணி, டிஷ்யூ எதுவுமே வேண்டாம். கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் வண்ணம் துணியோடு வந்துவிடும். டகேர் காலத்துத் தகடுகளைத் துடைத்தே முகத்தை அழித்தவர்கள் உண்டு. படம் அங்கே மேற்பரப்பில் மெல்லிய படிவாக மட்டுமே நிற்கிறது. முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பிறகு பழம்படங்களைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஈசூனிலிருந்து: அண்ணே, அந்தக் காலத்துப் படம் உண்மை பேசியது. போட்டோஷாப் வந்துதான் எல்லாம் கெட்டது.

இதை நான் ஏற்க மாட்டேன். 1850களின் ரசாயனப் பூச்சு நீல ஒளியை அதிகம் உள்வாங்கும். நிலம் சரியாகப் பதிந்தால் வானம் மேகமின்றி வெளுத்துவிடும். அதனால் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் (ஒளியும் நிழலும் மாறிப் பதியும் மூலப்படம்) வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். இங்கிலாந்தில் புகைப்படக்காரர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் கோத்து, ஓவியச் சபைக்கு ஏற்ற பெரிய காட்சி ஒன்றை உருவாக்கினார். விக்டோரியா அரசியே ஒரு பிரதி வாங்கினார். ஓவியன் பல வரைவுகளை ஒரு சித்திரத்தில் சேர்ப்பான், இவர்களும் அதைத்தான் செய்தார்கள். புகைப்படத்தில் கை வைப்பது புகைப்படம் பிறந்த வீட்டு வழக்கம்.

மீண்டும் ஈசூன்: அப்படியானால் செய்திப் படத்தையும் வெட்டி ஒட்டலாமா?

கூடாது. செய்திப் படம் ‘இது நடந்தது’ என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறது, கலைப்படம் அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. குற்றம் வாக்கை மீறுவதில் இருக்கிறது, கத்தரிக்கோலில் இல்லை.

பொங்கோலிலிருந்து: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பொத்தானை அழுத்துவது கலையே இல்லை. ஓவியம்தான் கலை.

1859இல் கவிஞர் போதலேர் இதே கட்சி. புகைப்படம் அறிவியலுக்கும் கலைகளுக்கும் பணிவிடை செய்தால் போதும் என்றார். அந்தப் பழிக்கு அஞ்சியே பலர் படத்தை மங்கலாக்கி, ஓவியம் போல அச்சிட்டார்கள். 1932இல் கலிபோர்னியாவில் எஃப்/64 என்ற புகைப்படக்காரர் குழுவினர் அதை மறுத்து, கூர்மையாக, அச்சில் வேலைப்பாடு சேர்க்காமல் எடுத்தார்கள். அதிலும் எங்கே நிற்பது, எந்த ஒளிக்குக் காத்திருப்பது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்று முடிவு செய்தது மனிதக் கண்தான். அது கலை இல்லையென்றால் ஓவியனின் கண்ணையும் நீங்கள் தள்ள வேண்டியிருக்கும்.

மீண்டும் ஈசூன்: அந்தக் குழுதான் என் கட்சி, அண்ணே.

பாதிதான் தம்பி. அதில் இருந்த ஆன்சல் ஆடம்ஸ் படம் அச்சிடும் இருட்டறையில் ஒரு பகுதியைக் கருமையாக்கி, இன்னொன்றை வெளுக்க வைத்து அச்சிட்டவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு, அச்சு அதன் கச்சேரி என்பது அவர் கருத்து.

தெம்பனிஸிலிருந்து: எந்தக் கேமரா நல்லது?

பிடோக் தம்பிக்குச் சொன்னதேதான்.

தோபாயோவிலிருந்து: லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது.

நம் ஊர் ஈரக்காற்று அப்படி. ஈரம் உறிஞ்சும் கேமரா அலமாரியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். தாத்தா படத்தை மட்டும் யாரும் துடைக்காதீர்கள்.