ஜிம்மில் கட்டிய பணம்: கேள்வி பதில்

பதினொரு ஆண்டுகள் ஜிம் பயிற்சியாளராக இருந்தேன். பிறகு வேறோர் ஊரில் சந்தா கட்டி ஏமாந்தவனும் நானே. இரண்டு பக்கமும் தெரியும், கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் மாதமே ஏசி நின்றுவிட்டது. மூன்று டிரெட்மில்லில் ஒன்றுதான் ஓடுகிறது. பணத்தைக் கேட்டால், ரசீதில் "திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அச்சடித்ததெல்லாம் சட்டமாகிவிடாது, தம்பி. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வரவேற்பு மேசையில் கத்தாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கே இந்த மாதச் சம்பளம் வந்திருக்காது. உரிமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள்.

படமும் எடுத்து வையுங்கள். நான் சந்தா கட்டிய ஜிம்மில் "பழுது, இரண்டு நாளில் சரியாகும்" என்று ஓர் அட்டை தொங்கியது. வாரம் ஒரு படம் எடுத்தேன். ஆறாவது படத்தில் வியர்வைக் கை பட்டுப் பட்டு "இரண்டு" என்ற சொல்லே அழிந்திருந்தது. ஆறையும் வரிசையாகக் காட்டியதும் மீதி மாதங்களுக்கான பணம் வந்துவிட்டது.

உங்களுக்கு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 2 ஆண்டுகளுக்குள் செய்யவேண்டும்.

கேள்வி: சேரும் முன் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: காலை பதினோரு மணிக்குப் போனால் எந்த ஜிம்மும் அழகுதான். நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் நேரத்தில் போங்கள். முதலில் கழிவறை. பிறகு, பாரம் இழுக்கும் கருவியின் கம்பிவடம் கப்பியில் வளையும் இடம்: மேலுறை கிழிந்து கம்பி இழை தெரிந்தால் அதன் கீழே உட்காரவே வேண்டாம். டிரெட்மில்லில் மெதுவாக நடக்கும்போது காலை அழுத்தி வையுங்கள். பட்டை ஒரு கணம் நின்று நழுவினால் பராமரிப்பே இல்லை என்று பொருள்.

கேள்வி: தொடையில் வட்டமாக அரிப்பு. ஜிம் பாயினால் வந்திருக்குமா, ஐயா?

பதில்: படர்தாமரையாக இருக்கலாம், பொதுப் பாய், துண்டு வழியாக அது தொற்றும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அரிப்பை அடக்கும், பிறகு பரவ விடும். பாயின் மேல் விரிக்கச் சொந்தத் துண்டு கொண்டுபோங்கள், அம்மா.

கேள்வி: தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டாதவர்களைப் பயிற்சியாளர் திரும்பியே பார்ப்பதில்லை.

பதில்: பல இடங்களில் அவருக்குச் சம்பளம் சொற்பம், கமிஷன்தான் வருமானம். ஆனாலும் சந்தாவில் பொதுப் பயிற்சியும் அடங்கும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள் என்றால், அதுவும் சேவைக் குறைபாடுதான். அந்த விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ரசீதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: தேதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு 5 சதவீதம்தான்.