காட்டாற்றில் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒகேனக்கலுக்கு மேலே காட்டுப் பகுதியில் தூண்டில் போட விரும்புகிறேன். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவேன் என்பதால் அனுமதி தேவையில்லைதானே?
– ஓசூர் வாசகர்

தேவை. காப்புக்காட்டில் விதிகளை மீறி மீன் பிடிப்பதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே குற்றமாகக் கொள்கிறது; பிறகு விடுவது அதை மாற்றாது. அந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். அதை எழுத்தில் பெறுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

ஓடையில் மீன் பிடிக்கலாமா?
– பெயரில்லாத கடிதம்

எந்த ஓடை, எந்த மாவட்டம் என்று எழுதாமல் இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல இயலாது. வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

அனுமதி பெற்ற இடத்தில் பெரிய மகாசீர் ஒன்றைப் பிடித்து, படம் எடுத்து விட்டுவிட்டேன். நீந்திப் போனது. மறுநாள் ஒரு மீன் செத்து மிதந்தது. அதுவாக இருக்குமா?
– ஈரோடு வாசகர்

இருக்கலாம். நீந்திப் போன மீன் பிழைத்துவிட்டது என்று எண்ணுவதுதான் நம்மிடையே உள்ள பெருந்தவறு. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. மெல்லிய தூண்டில் நரம்பில் அரை மணி நேரம் இழுபட்ட மீனின் தசைகளில் அமிலம் தேங்குகிறது. அது தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே கரையில் தூக்கிவைத்தால், செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சு அடைபடுகிறது. உலர்ந்த கையும் சுடுபாறையும் உடலின் வழவழப்பை உரித்துவிட, அங்கே பூஞ்சை பிடிக்கிறது. பெரிய மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மகாசீர், மிக அருகிய இனமாக 2018இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு இந்தக் கதி நேரக்கூடாது. தடித்த நரம்பைக் கட்டி விரைவில் கரைக்குக் கொண்டுவாருங்கள். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். ஈரக் கையால், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நரம்பை அறுத்துவிடுங்கள். படம் வேண்டுமென்றால் பத்து நொடிக்குள், மீன் நீரில் இருக்கும்போதே எடுங்கள். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானே உதறிக்கொண்டு போகும்வரை தாங்கியிருங்கள்.

உதகையில் டிரவுட் மீனுக்கு எந்த நேரம் நல்லது?
– கோவை வாசகர்

காலை. நூறு ஆண்டுகளுக்கும் முன் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, உதகைக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைக்கப்பட்ட குளிர்நீர் மீன் இது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் துவண்டுவிடும், அப்போது பிடித்து விட்டாலும் பிழைப்பது அரிது. மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிடமும் கேளுங்கள். அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

உயிருள்ள ஜிலேபி மீன் குஞ்சுகளை இரையாகக் கொண்டுபோகலாமா?
– பழனி வாசகர்

கூடாது. தப்பும் சில குஞ்சுகளே ஓடையில் பெருகி, அங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். மண்புழு போதும், மிஞ்சியதையும் அறுந்த நரம்பையும் ஈயக்குண்டுகளையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.